நான் பட்டினி போடாத கிருமி

புதிதாய் வேலைக்கு வந்தவர்களுக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவர் புத்திமதி எழுதுகிறார் என்றால் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியும் உங்கள் கண்ணில் வரும். எனக்கு இருபத்தெட்டு வயது. நாலு வருஷம் ஆய்வுகூடத்தில் நின்றேன், விட்டுவிட்டு வந்துவிட்டேன். மாலையும் போடவில்லை, குறூப் போட்டோவும் எடுக்கவில்லை. முப்பது வருஷ அனுபவம் என்னிடம் கிடையாது. ஒரு பிழை இருக்கிறது. அதைத்தான் தரலாம்.

முதலில் ஒரு வேலை. கண்ணாடி அலுமாரிக்குக் கீழே உள்ள இழுப்பறையில், ஆக அடியில், ஒரு மண்ணிறக் கடித உறை கிடக்கும். உள்ளே மூடியில் மெழுகு பூசிய ஒரு சோதனைக் குழாய். லேபலில் ‘அந்தோனி’ என்று என் கையெழுத்தில் இருக்கும். குப்பை என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டை நேரம். எங்கள் ஆசுபத்திரி, உங்களுக்குத் தெரியும், ஆசுபத்திரி இல்லை, ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறையில் வார்ட், அதிபரின் அறையில் ஒப்பரேஷன் தியேட்டர், பின்பக்கத்துக் கொட்டிலில் ஓட்டோகிளேவ். வெட்டுக்கு வேண்டிய துணியும் கத்தியும் தகர டிரம்மில் அடைத்து அழுத்த ஆவியில் அவிக்கிற அந்த இரும்புப் பானை கரண்டில் ஓடவேண்டியது. கரண்ட் இல்லை. அடியை வெட்டி விறகு அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். அதற்கு ஆள் அந்தோனி அண்ணை. குருநகர்க்காரர். படகு எஞ்சின் திருத்தியவர். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு அந்த வீட்டுக்கு இருந்தது இந்த ஒரு வேலைதான். அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இந்தப் பானையை நம்பித்தான் இருந்தார்கள்.

பானையில் ஒரு முள் இருக்கும். அழுத்தம் காட்டும். அந்த முள்ளை நம்பக்கூடாது. உள்ளே காற்று அடைபட்டுக் கிடந்தால் முள் சரியான இடத்தில் போய் நிற்கும், சூடு மட்டும் ஏறாது. ஆகவே டிரம்முக்கு நடுவில் கிருமியின் வித்தி தடவிய கடதாசித் துண்டு ஒன்றை வைத்து அவிக்கவேண்டும். வித்தி என்றால் கிருமி தன்னைத் தானே கட்டிக்கொள்கிற மூட்டை. கொதிதண்ணீரிலும் சாகாது. அவித்த துண்டை எடுத்துக் கிருமி வளர்கிற சத்துத் தண்ணீரில் போட்டு வைத்தால், தண்ணீர் தெளிவாக இருந்தால் வித்தியும் செத்தது, மற்ற எல்லாம் செத்தது. கலங்கினால் வித்தி பிழைத்து வளர்ந்திருக்கிறது, அவித்தது போதாது. இவ்வளவுதான் விஷயம்.

அந்தத் துண்டுகள் வெளிநாட்டிலிருந்து வருகிறவை. வராமல் நின்றுவிட்டன. எங்கள் டொக்டர் கூப்பிட்டார். ஆசுபத்திரிக்குப் பொறுப்பானவர், நல்ல மனுஷன், ஆனால் எப்போதும் அவசரம்.

“உம்மாலை உதைச் செய்யேலுமோ?”

“ஏலும் டொக்டர்.”

“எப்ப தருவீர்?”

“நாளையிண்டைக்கு.”

இரண்டு நாள் போதாது, ஒரு கிழமை வேண்டும் என்று சொல்லியிருக்கவேண்டும். ‘நாளையிண்டைக்கு’ என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்துக்காகத்தான் சொன்னேன். பிழை தொடங்கிய இடம் அதுதான், பிறகு நடந்ததெல்லாம் அதன் வால்.

அந்தோனி அண்ணை விறகு அடுக்கிற அட்டிக்குப் பக்கத்திலிருந்து சாம்பல் கலந்த மண் ஒரு கரண்டி எடுத்தேன். பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். பிழைத்து எழும்பியது ஒரே ஒரு கிருமி, நீளமான தடி போல. அருமையான சாமான். அதை வளர்க்க இறைச்சிச் சத்து இல்லை. பாரை மீன் அவித்த தண்ணீரை வடித்து எடுத்தேன். வளர்ச்சி மெதுவாக இருந்தது. நாளையிண்டைக்கு என்று வாய் கொடுத்தாயிற்று. மருந்தறையில் திகதி முடிந்த குளுக்கோசுப் போத்தல் ஒன்று கிடந்தது. அதை ஊற்றினேன். அடுத்த நாள் காலை குடுவை பால் மாதிரிக் கலங்கி நின்றது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அந்தக் கலங்கலை வழித்துக் கடதாசியில் தடவி, காயவைத்து, உறையில் போட்டு, மேலே ‘வித்தி’ என்று எழுதினேன்.

ஒரு பரிசோதனை மிச்சம் இருந்தது. ஒரு துண்டை எண்பது பாகைச் சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வைக்கவேண்டும். வித்தி என்றால் அதற்குப் பிறகும் வளரும், வெறும் கிருமி என்றால் செத்துவிடும். தண்ணீர் சுடவைக்க ஒரு கிளாஸ் மண்ணெண்ணெய் போதும். பெற்றோல் இல்லாத காலம், அந்த மண்ணெண்ணெயில் அண்டைக்கு என் மோட்டார் சைக்கிள் ஓடியது. கூட்டாளி ஒருவனுக்குக் கலியாணம்.

இதிலே கேவலம் என்னவென்றால், எனக்குத் தெரியாமல் நடந்தது இல்லை. கிருமி எப்படி வித்தியாகத் தொடங்குகிறது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். வெளியிலிருந்து வந்த ஒருவர் பையில் சுருட்டிக் கொண்டுவந்த ஆராய்ச்சிக் கட்டுரைப் போட்டோக்கொப்பியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவேன். அந்தக் கிழமை அகப்பட்டவர் அந்தோனி அண்ணை.

“அண்ணை, உந்தக் கிருமி எப்பிடி வித்தியாகுதெண்டு தெரியுமே?”

“ஆண்டவர் சொல்லுவார், அது கேக்கும்,” என்றார், அடுப்புக்குள் பனங்கொட்டை ஊமலைத் தள்ளிக்கொண்டு.

கரித்துண்டு ஒன்றை எடுத்துப் புகை பிடித்த சுவரில் நாலு வட்டம் கீறினேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

சாப்பாடு குறைகிறபோது கிருமிக்குள் ஒரு புரதம் அதை உணர்கிறது. உடனே பொஸ்பேற் என்ற சின்ன மூலக்கூறு ஒன்றை எடுத்துத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. அதை இரண்டாவது புரதத்திடம் கொடுக்கிறது. அது மூன்றாவதிடம். மூன்றாவது, நாலாவதிடம். நாலாவதுக்குப் பெயர் ஸ்போ-சீரோ-ஏ. அதுதான் முதலாளி. பொஸ்பேற் கைக்கு வந்ததும் அது டிஎன்ஏயில் போய்க் குந்தி, வித்திக்கு வேண்டிய மரபணுக்களைத் திறக்கும். ஆனால் ஒரு பொஸ்பேற் வந்தவுடன் இல்லை. பொஸ்பேற் ஏறிய முதலாளிகளின் தொகை ஒரு எல்லையைத் தாண்டவேண்டும். தாண்டினால் கிருமி தன் உடம்புக்குள் ஒரு சுவர் எழுப்பும். நடுவில் இல்லை, ஒரு ஓரமாக. சின்ன அறை ஒன்று, பெரிய அறை ஒன்று. பெரியது சின்னதை விழுங்கி, அதற்கு மேலே ஓட்டுக்கு மேல் ஓடு போட்டுக் கட்டிவிட்டு, கடைசியில் தான் வெடித்துச் செத்துப்போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்பி வர வழி இல்லை.

அந்தோனி அண்ணை சுவரைப் பார்த்தார்.

“ஒரு சாமானைக் குடுக்க ஏன் நாலு கை? உதென்ன அரசாங்கக் கச்சேரியே?”

“ஒவ்வொரு கையிலையும் நிப்பாட்டலாம் அண்ணை, அதுக்குத்தான். இடையிலை நிண்டு பறிக்கிறதுக்கெண்டும் ஆக்கள் இருக்கினம். இன்னும் சாப்பாடு கிடக்கு, அவசரப்படாதை எண்டு பொஸ்பேற்றைப் பறிச்சுப்போடுவினம். சாகிற காரியமெல்லோ, சும்மா தொடங்கேலாது.”

“அப்ப சாப்பாடு கிடைச்சால் உது மூட்டை கட்டாதோ?”

“கட்டாது. ஏன் கட்டவேணும்?”

“நீர் உதுக்கு என்ன தின்னக் குடுத்தனீர்?”

“மீன் அவிச்ச தண்ணி. குளுக்கோசும் விட்டனான்.”

“எட, எங்கடை பிள்ளையளுக்கே கிடையாத குளுக்கோசு!” என்று பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “தம்பி, அப்ப அது...”

“அண்ணை, நீங்கள் நெருப்பைப் பாருங்கோ,” என்றேன்.

பத்தாம் வகுப்புக் கூட முடிக்காத மனுஷன் என் பிழையை என் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார். எனக்குக் கேட்கவில்லை. குளுக்கோசு இருக்கிறவரை கிருமி வித்தி கட்டத் தொடங்காது. நான் உறையில் போட்டு வைத்திருந்தது வயிறு முட்டத் தின்ற வெறும் கிருமி. சுடுதண்ணீர் பட்டாலே செத்துவிடும்.

பிறகு என்ன, எல்லா முறையும் தெளிவுதான். துண்டை அவிப்பேன், தண்ணீரில் போடுவேன், பளிங்கு மாதிரி நிற்கும். ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். கடதாசி தியேட்டர் நேர்ஸ் மிஸியிடம் போகும், அவர் ஒரு கையெழுத்து. டொக்டரிடம் போகும், அவர் ஒன்று. பிறகு விறகு அளந்து தருகிற களஞ்சியக்காரர். நாலு கை.

அந்தோனி அண்ணைதான் விடவில்லை. ஒரு நாள் டொக்டரின் அறைக்கே வந்துவிட்டார். மடித்துக் கட்டியிருந்த சறத்தை மரியாதைக்கு இறக்கிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றார். நானும் களஞ்சியக்காரரும் உள்ளே.

“ஐயா, பானையின்ரை மூச்சுச் சரியில்லை.”

“மூச்செண்டால்?”

“முதல் வாற ஆவி விட்டுவிட்டுச் சீறும். உள்ளுக்கை கிடக்கிற காத்தெல்லாம் போனாப்பிறகு ஒரே சீராய் ஊதும். அதுக்குப் பிறகுதான் வால்வைப் பூட்டவேணும். இப்ப கிடைக்கிற விறகுக்கு அதுவரைக்கும் எரிக்கேலாது. சீறேக்கையே பூட்டவேண்டிக் கிடக்கு. இன்னும் ஒரு அரை மணித்தியாலத்துக்கு விறகு தாங்கோ.”

களஞ்சியக்காரர் சிரித்தார். “ஆசுபத்திரி விறகிலை வீட்டிலை உலை வைக்கிறாரோ, ஆருக்குத் தெரியும்?”

அந்தோனி அண்ணை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். டொக்டரும் என்னைப் பார்த்தார்.

“தம்பி, உம்மடை துண்டு என்ன சொல்லுது?”

“எல்லாம் தெளிவு டொக்டர். ஒருக்காலும் கலங்கேல்லை.”

“பிறகென்ன அந்தோனி?”

‘ஒருக்காலும் கலங்கேல்லை.’ அதுவே எனக்கு மணி அடித்திருக்கவேண்டும். விறகு அடுப்பு, வெட்டி ஒட்டிய பானை, ஈர விறகு. அதில் ஒரு முறை கூடக் கலங்கவில்லை என்றால் பானை நல்லது என்று அர்த்தம் இல்லை, துண்டு பிழை என்று அர்த்தம். எனக்கோ பெருமை. அண்டைக்கே களஞ்சியக்காரர் விறகை இன்னும் குறைத்தார். என் கடதாசியைக் காட்டித்தான் குறைத்தார்.

மூன்று கிழமைக்குள் வார்டில் மூன்று கட்டிலில் வெட்டுக்காயம் பழுதானது. ஒன்று குடலிறக்கம், ஒன்று பிள்ளைப்பேறு. மூன்றாவது உடுப்பிட்டியில் படிப்பித்த ஒரு ரீச்சர். சைக்கிளால் விழுந்து கால் முறிந்து, எலும்பு பொருத்த வந்தவர். காயத்தைச் சுற்றி வீங்கி, விரலால் அமத்தினால் தோலுக்குக் கீழே நொறுநொறு என்று காற்றுச் சத்தம். அதுவும் வித்தி கட்டுகிற ஒரு கிருமியின் வேலைதான், என் சாம்பல் மண் கிருமியின் சொந்தக்காரன் மாதிரி. காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

“விழுந்த இடத்திலை மண் பட்டதாலை தானே மிஸி?” என்று அந்த ரீச்சர் கேட்டிருக்கிறார்.

“ஓம் ரீச்சர்,” என்று தியேட்டர் மிஸி சொல்லியிருக்கிறார்.

இருக்கலாம். ஆனால் மற்ற இரண்டு கட்டிலும் ரோட்டில் விழவில்லை.

விசாரணை என்று வந்தது. துண்டு சரி என்கிறது, கடதாசி சரி என்கிறது, அப்படியென்றால் பிழை யாரில்? நெருப்பு எரிக்கிறவனில். விறகைக் களவெடுத்தான், குறைத்து எரித்தான். விசாரிக்க வந்த நாலு பேர் கொட்டிலுக்குள் போய் அவரைக் கேள்வி கேட்ட சத்தம் ஆய்வுகூடம் வரை கேட்டது.

அந்த ஞாயிறு காலை நான் துண்டுகளை முதல் முறையாக நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நியாயத்துக்காக இல்லை. விசாரணையில் என்னைக் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்பதற்காக. பச்சைச் சாயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தச் சாயத்தில் வித்தி பச்சையாக நிற்கும், வெறும் கிருமி சிவப்பாகும். கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி வெயிலை வாங்கி, உள்ளே பார்த்தேன்.

சிவப்பு. எல்லாம் சிவப்பு. கண்ணாடித் துண்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நகர்த்தினேன். ஒரு பச்சைப் பொட்டுக்காக அப்படித் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. எண்ணாயிரம் சிவப்புத் தடிகளுக்கு நடுவில் ஒரு பச்சை கூட இல்லை.

மோட்டார் சைக்கிள் டாங்கியிலிருந்து மண்ணெண்ணெய் உறிஞ்சி எடுத்தேன். எண்பது பாகை, பத்து நிமிடம், பிறகு சத்துத் தண்ணீர். திங்கட்கிழமை காலை தண்ணீர் பளிங்கு. வித்தி இல்லை. சந்தேகமே இல்லை.

அப்பவே போயிருக்கலாம். டொக்டரின் அறைக்கு இருபது அடி. நான் போகவில்லை. இன்னொருமுறை செய்து உறுதிப்படுத்தவேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிழை செய்தவன் ‘உறுதிப்படுத்தவேண்டும்’ என்று சொன்னால் அது விஞ்ஞானம் இல்லை, பயம். செவ்வாய் முழுக்க அந்த முடிவு என் சட்டைப்பையில் கிடந்தது. புதன்கிழமை போனேன்.

டொக்டர் முழுக்க வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

“அந்தோனி நேற்றைக்கே எழுதிக் கையெழுத்து வைச்சிட்டுப் போயிட்டார். விறகைக் குறைச்சு எரிச்சனான் எண்டு.”

“அது பொய் டொக்டர்.”

“கையெழுத்து வைச்சால் மேலை விசாரிக்கமாட்டம் எண்டு விசாரணைக்காரர் சொன்னவை. வைச்சிட்டார். இப்ப ஆய்வுகூடமும் பிழையெண்டு நான் வெளியிலை சொன்னால், சனம் இங்கை வெட்டுக்கு வருமே? வேறை எங்கை போகும்?”

தியேட்டர் மிஸி கதவடியில் நின்றார். “அந்தக் கடதாசியளிலை நானும் கையெழுத்து வைச்சனான்,” என்றார். “ஒண்டையும் வாசிக்கேல்லை.” என் அறிக்கை மேசை இழுப்பறைக்குள் போனது. பிறகு அதைக் கண்டவர் இல்லை.

நான் திரும்பப் போய்க் கிருமியை ஒழுங்காக வளர்த்தேன். குளுக்கோசு இல்லை. மீன் தண்ணீரைக் கூட நாலு மடங்கு ஐதாக்கினேன். நாலு நாள் பட்டினி போட்டேன். ஐந்தாம் நாள் கண்ணாடிக்குக் கீழே பச்சைப் பொட்டுகள் சொரிந்து கிடந்தன. அந்த வித்தியைத் தடவிய துண்டை டிரம்முக்குள் வைத்து, வழமையான விறகுக்கு அவித்தோம். அடுத்த நாள் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கியது. பானை தொடக்கத்திலிருந்தே அவிக்கவில்லை. களஞ்சியக்காரர் அரை மணித்தியால விறகு கூட்டித் தந்தார். புது ஆள் எரித்தார். சீரான மூச்சு வந்த பிறகு வால்வைப் பூட்டினார். துண்டு தெளிந்தது.

அந்தோனி அண்ணை கேட்டதெல்லாம் கிடைத்தது. அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அதெல்லாம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை குருநகர் போனேன். சைக்கிளில்தான். வாசலில் பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார். ஓடாத படகின் எஞ்சின், வாங்க ஆள் இல்லாத எஞ்சின்.

“வாரும்,” என்றார். இரும் என்று சொல்லவில்லை.

“அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி. துண்டு பிழை. நான் எழுதிக் குடுத்திட்டன்.”

“எப்ப குடுத்தனீர்?”

“புதன்கிழமை.”

“நான் கையெழுத்து வைச்சது செவ்வாய் பின்னேரம்.” ஒரு திருகாணியை எடுத்து எண்ணெயில் துடைத்தார். “உமக்கு எப்ப தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்தபோது வரவில்லை.

“அதுக்கு முதல் ஞாயித்துக்கிழமை.”

அவர் தலையை ஆட்டினார், கணக்கு ஒத்துவந்த மாதிரி. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அண்டைக்குச் சுவரிலை கீறினனீரெல்லோ தம்பி. இடையிலை நிண்டு பறிக்கிற ஆள், அவசரப்படாதையெண்டு நிப்பாட்டிற ஆள். அந்த நாலு கைக்கும் இடையிலை நிண்டது நான்தான். என்னைத்தான் நீங்கள் பறிச்சு எறிஞ்சனீங்கள்.”

உள்ளே யாரோ ஒரு பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவர் திரும்பவும் எஞ்சினுக்கு மேலே குனிந்தார். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷம் வேலை செய்தேன். ஒவ்வொரு ‘சரி’யையும் எழுத முன்னம் கை நின்றது. நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காத கை, பிறகு எல்லாத்துக்கும் நின்றது. அப்படிப்பட்டவனால் ஆய்வுகூடத்தில் வேலை செய்ய ஏலாது. விட்டுவிட்டேன்.

உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. துண்டு செய்தால் கிருமியைப் பட்டினி போடுங்கள். எண்பது பாகையில் வையுங்கள், மண்ணெண்ணெய் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பச்சையைக் கண்ணால் பாருங்கள். நெருப்பு எரிக்கிறவர் வந்து மூச்சுச் சரியில்லை என்றால், துண்டை எடுத்துக் காட்ட முன்னம் கொட்டிலுக்குப் போய் ஒரு தரம் நின்று கேளுங்கள்.

அந்தக் குழாயில் இருப்பது அந்தோனி அண்ணையின் விறகு அட்டியடி மண்ணிலிருந்து வந்த கிருமி, ஒழுங்காக வித்தி கட்டியது. தீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நீங்கள் எப்போது எடுத்துச் சத்துத் தண்ணீரில் போட்டாலும் எழும்பும். புதுத் துண்டு செய்ய அதையே பாவியுங்கள்.

ஆசுபத்திரியில் அவர் பெயர் உள்ள கடதாசி இரண்டுதான். ஒன்றில் அவர் கையெழுத்து இருக்கிறது, அது பொய். மற்றது அந்த லேபல். அதை உரிக்கவேண்டாம்.